மூக்கால் வழியும் இரத்தமும் ஒரு குடும்ப வரைபடமும்

எங்கள் மாதர் சங்கக் கூட்டங்களுக்கு அந்த அக்கா வரும்போதெல்லாம் கையில் ஒரு பழைய சீலைத்துண்டு இருக்கும். வியர்வை துடைக்கத்தான் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சுயதொழில் கடன் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த நேரம் அவர் திடீரென எழுந்து வெளியே போனார். பின்னால் போய்ப் பார்த்தபோது கிணற்றடியில் குனிந்தபடி நின்றார். மூக்கிலிருந்து இரத்தம் சொட்டாக அல்ல, நூலாக வழிந்துகொண்டிருந்தது.

"பயப்படாதேங்கோ பிள்ளை. இது எனக்குச் சின்னனில இருந்து இருக்கிறதுதான். கொஞ்சத்தில நிண்டிடும்" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

அவருக்கு 54 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். கணவர் 2009இல் ஷெல் பட்டு இறந்துபோனார். இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுத்துத்தான் மகளையும் மகனையும் வளர்த்தெடுத்தார். ஒரு காலை கடை வாசலில் வைத்து மூக்கால் இரத்தம் வந்ததைக் கண்ட ஒரு முதலாளி, மறுநாளிலிருந்து இடியப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது காசநோயாக இருக்கும் என்று ஊரில் ஒரு கதை. உடம்புச் சூடு என்று இன்னொரு கதை. அவருடைய மாமியார் உயிரோடு இருந்த காலத்தில், "தாய் வழியால வந்த தோஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வைத்தியசாலைக்குப் போன நேரங்களிலும் "வெயிலில் திரியாதேங்கோ, இளநீர் குடியுங்கோ" என்றுதான் பலதடவை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இளநீர் குடித்துக் குடித்தே 40 வருடம் போய்விட்டது.

இந்தக் கட்டுரையை எழுத அக்கா சம்மதம் தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஆகவே அவரை அக்கா என்றே எழுதுகிறேன்.

ஒரு வைத்தியர் நாக்கைப் பார்த்தார்

கிணற்றடியில் கண்டதற்குச் சில மாதங்களின் பின் அக்கா அடுப்படியில் மயங்கி விழுந்தார். வைத்தியசாலையில் குருதியைச் சோதித்தபோது ஈமோகுளோபின் 6 புள்ளி சொச்சம். இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். கட்டிலருகில் நான் இருந்தபோது வயது குறைந்த ஒரு பெண் வைத்தியர் வந்தார். மற்றவர்கள் செய்யாத ஒன்றை அவர் செய்தார். நாக்கை நீட்டச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு உதட்டைப் புரட்டிப் பார்த்தார், விரல் நுனிகளைப் பார்த்தார். நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் குண்டூசித் தலையளவில் சிவந்த புள்ளிகள் இருந்தன. கண்ணாடித் துண்டொன்றால் அழுத்தினார். புள்ளி வெளுத்து, எடுத்ததும் மீண்டும் சிவந்தது. எங்களுடைய கறுத்த தோலில் இப்படியான புள்ளிகள் கன்னத்தில் இருந்தால் இலகுவில் தெரியாது, அதனால்தான் வாய்க்குள் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

அதன்பின் அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது. "அம்மா, உங்கட சொந்தத்தில வேற ஆருக்கும் இப்பிடி மூக்கால இரத்தம் வாறதோ?"

வருத்தத்துக்குப் பெயர் நீளமானது. பரம்பரைக் குருதிப்பெருக்கு நுண்குழாய் விரிவு நோய் என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எச்.எச்.ரி. என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். 1896இல் பிரான்சில் ரெண்டு என்ற வைத்தியர் 52 வயதான ஓர் ஆணிடம் இதனைக் கண்டு, குருதி உறையாமல் போகும் ஈமோபீலியா நோயிலிருந்து இது வேறானது என்று எழுதினார். 1901இல் அமெரிக்காவில் ஒஸ்லர், இது குடும்பம் குடும்பமாக வருவதை எடுத்துக்காட்டினார். 1907இல் இலண்டனில் வெபர் மேலும் நோயாளர்களைப் பற்றி எழுதினார். அதனால் இந்த மூவரின் பெயராலும் இந்நோயைச் சொல்வதுண்டு. உலகில் ஏறத்தாழ 5000 பேருக்கு ஒருவருக்கு இது இருப்பதாகக் கணிக்கிறார்கள். அந்த விகிதம் எங்களுக்கும் பொருந்துமானால் இலங்கையில் 4000 பேருக்கு மேல் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்களோ!

இரத்தம் சரி, வாய்க்கால்தான் பிழை

"என்ர இரத்தம் கெட்ட இரத்தமோ?" என்று அக்கா கேட்டார். இல்லை. இந்நோயில் இரத்தத்தில் பிழையில்லை, அது ஒழுங்காக உறையும். பிழை இரத்தம் ஓடும் குழாயில்தான்.

வன்னியில் வயல் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். குளத்துத் துருசைத் திறந்தால் பெரிய வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வரும். அது சின்ன வாய்க்கால்களாகப் பிரிந்து, வயல் முழுக்கப் பரவி, வேகம் அடங்கி, கடைசியில் கழிவு வாய்க்காலால் மெதுவாக வெளியேறும். உடம்பிலும் அப்படித்தான். இருதயத்திலிருந்து வேகத்தோடு இரத்தத்தைக் கொண்டுவருவது நாடி. அது மயிரிலும் மெல்லிய மயிர்க்குழாய்களாகப் பிரிகிறது. அங்கே வேகம் அடங்கி, பின் நாளம் வழியாக இருதயத்துக்குத் திரும்புகிறது. எச்.எச்.ரி. உள்ளவர்களின் உடம்பில் சில இடங்களில் அந்த மயிர்க்குழாய்ப் பகுதி இல்லாமல், நாடி நேரே நாளத்துக்குள் உடைத்துக்கொண்டு போய்விடுகிறது. பெரிய வாய்க்கால் நேரே கழிவு வாய்க்காலில் விழுந்தால் வரம்பு தாங்குமா? மெல்லிய சுவருள்ள நாளம் வீங்கிப் புடைக்கிறது, சும்மா தொட்டாலும் கசிகிறது.

மூக்கிலும் நாக்கிலும் இவை சின்னப் புள்ளிகள். குடலில் இருந்தால் மலத்தோடு தெரியாமலே இரத்தம் போகும். சுவாசப்பையிலும் மூளையிலும் ஈரலிலும் பெரிய இணைப்புகளாக இருக்கலாம். சுவாசப்பையில் இருப்பதுதான் ஒளிந்திருந்து தாக்குவது. சாதாரணமாகச் சுவாசப்பையின் மயிர்க்குழாய்கள் ஒரு வடியைப் போல வேலை செய்து, சிறு இரத்தக் கட்டிகளையும் கிருமிகளையும் மறித்துவிடும். வடி இல்லாத இடத்தால் அவை நேரே மூளைக்குப் போகலாம். அதனால் பாரிசவாதம் வரலாம், மூளையில் சீழ்க்கட்டி வரலாம். ஆளுக்கு வெளியே எந்தக் குறியும் இருக்காது, மேட்டில் ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

வைத்தியர்கள் இதைக் கண்டுபிடிக்க நான்கு விடயங்களைப் பார்க்கிறார்கள். காரணமில்லாமல் அடிக்கடி மூக்கால் இரத்தம் வருவது, உதடு, நாக்கு, விரல் போன்ற இடங்களில் அந்தப் புள்ளிகள், உள்ளுறுப்புகளில் பிழையான இணைப்பு, தாய், தகப்பன், கூடப்பிறந்தோர் அல்லது பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய். நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த அளவுகோலுக்குக் கரீபியன் கடலில் உள்ள குராசாவோ என்ற தீவின் பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். டோர்ச்சும், பொறுமையாகக் கேட்கும் ஒருவரும் போதும் என்பதுதான் எனக்குப் பிடித்த விடயம். அக்காவுக்கு முதல் இரண்டும் இருந்தன. நான்காவதைத் தெரிந்துகொள்ள, குடும்பத்தை வரைந்துகொண்டு வரும்படி வைத்தியர் என்னிடம் சொன்னார்.

கொப்பி ஒற்றையில் ஒரு குடும்பம்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது உறவுமுறை வரைபடங்கள் கீறக் கற்றுத்தந்தார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். சோதனைக்குப் பிறகு அது எனக்கு எந்தப் பயனும் தரவில்லை. மருத்துவ வரைபடமும் ஏறக்குறைய அதேதான். ஆணுக்கு மட்டும் சதுரம். நோய் உள்ளவரின் உருவத்தை நிறந்தீட்ட வேண்டும். இறந்தவரின் உருவத்துக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு போட வேண்டும்.

அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்து கீறத் தொடங்கினோம். தாய், வட்டம், சாய்கோடு. கணவர், சதுரம், சாய்கோடு. ஒரு அண்ணன், சாய்கோடு. பெரியப்பாவின் பிள்ளைகள் மூன்று பேர், மூன்று சாய்கோடு. சாதாரண நாட்டில் ஒரு குடும்ப வரைபடம் இப்படி இருக்காது. ஒவ்வொருவராகக் கேட்டேன், "இவருக்கு மூக்கால இரத்தம் வந்ததோ?" 19 வயதில், 24 வயதில் ஷெல்லிலும் சண்டையிலும் போனவர்களுக்கு 40 வயதில் நாக்கில் புள்ளி வந்திருக்குமா என்று யார் சொல்வது? படங்கள் பார்க்கலாம் என்றால், அல்பம் 2009இல் எங்கோ ஒரு பங்கருக்குள் விடுபட்டுவிட்டது. பரம்பரை நோய்க்கு முதல் மருந்து குடும்பத்தின் ஞாபகம் என்கிறார்கள். எங்களிடம் அந்த ஞாபகத்தைச் சொல்ல ஆட்களே மிச்சமில்லை.

தம்பியின் சதுரத்துக்கு வந்தபோது அக்கா என் கையைப் பிடித்தார். "அவனுக்குக் கோடு போடாதேங்கோ பிள்ளை."

தம்பி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு காணாமற்போனவர். கோடு போடவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். "அவனுக்கும் வாறதுதான்" என்றார் அக்கா, கொஞ்ச நேரம் கழித்து. "பள்ளிக்கூடத்தில வெள்ளைச் சேட்டில இரத்தம் பட்டு வாத்தியார் வீட்ட அனுப்பிப்போடுவார்." நான் சதுரத்தை நிறந்தீட்டினேன்.

அக்காவின் தகப்பன் 1986இல், 43 வயதில், ஒரு பக்கம் இழுத்து ஒரே இரவில் இறந்துபோனவர். அவருக்கு மூக்கால் இரத்தம் வந்ததா என்பது அக்காவுக்கு ஞாபகமில்லை. அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். கனடாவில் இருக்கும் அக்காவின் மாமி, தகப்பனின் தங்கை. வாட்ஸ்அப்பில் அழைத்தோம். அக்கா விடயத்தைச் சொல்லி முடிக்க முன்னமே மாமி அழத் தொடங்கிவிட்டார்.

மாமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அங்கே அவருக்குப் பல வருடங்களுக்கு முன்னமே இந்த நோயைக் கண்டுபிடித்து, சுவாசப்பையில் இருந்த இணைப்பையும் அடைத்திருக்கிறார்கள். தமையனுக்கும் மூக்கால் இரத்தம் வந்தது அவருக்கு நல்ல ஞாபகம். "அங்க நீங்கள் படுற பாட்டுக்குள்ள இதையும் ஏன் சொல்லி வருத்துவான் எண்டு விட்டிட்டன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? வருத்தத்தைச் சொன்னால் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் நடக்காது என்று வாயைப் பொத்தப் பழக்கியது யார்?

தாய் வழியா, தகப்பன் வழியா?

வரைபடத்தின்படி இந்த நோய் அக்காவுக்கு வந்தது தகப்பன் வழியால். "தாய் வழித் தோஷம்" என்று மாமியார் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அக்கா தன் தாயையே மனதுக்குள் குறை நினைத்திருந்தாராம். அன்று பின்னேரம் அவர் தாயைப் பற்றி மட்டுமே கதைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. அவற்றில்தான் பரம்பரையலகுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பரம்பரையலகும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. 9ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகு, குருதிக்குழாய்ச் சுவரின் கலங்களுக்கு வேண்டிய எண்டோகிளின் என்ற புரதத்தைச் செய்கிறது. அதில் ஏற்படும் விகாரம் இந்நோயைத் தரும் என்று 1994இல் கண்டுபிடித்தார்கள். 1996இல் 12ஆம் நிறமூர்த்தத்தில் இன்னொன்று தெரியவந்தது. 2004இல் மூன்றாவது ஒன்று. அது சிலரிடம் மட்டும் காணப்படுவது, குடலில் தசை முளைகளையும் சேர்த்துத் தரும். எந்தப் பரம்பரையலகு என்பதைப் பொறுத்து நோயின் போக்கும் கொஞ்சம் மாறும். எண்டோகிளின் பழுதானவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குச் சுவாசப்பையில் இணைப்பு இருக்கும். 12ஆம் நிறமூர்த்தத்தில் பழுதானவர்களுக்கு ஈரலில் வருவது அதிகம்.

தலசீமியா என்ற இரத்த நோயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் கடுமையான வகை வருவதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். எச்.எச்.ரி. அப்படியல்ல. ஒரு பிரதி பழுதானாலே போதும். ஆகவே மச்சான் மச்சாள் கலியாணம் முடித்ததால் வந்தது என்று சொல்வது பிழை. பழுதான பிரதி உள்ளவர் ஆணோ பெண்ணோ, அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 வீத வாய்ப்பு. மகனுக்கும் அதே 50, மகளுக்கும் அதே 50. "மூத்ததுக்கு வந்தால் இளையதுக்கு வராது" என்ற கணக்கும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயத்தைப் புதிதாகச் சுண்டுவது போலத்தான். பழுதான பிரதி கிடைக்காத பிள்ளை அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாது.

அப்படியென்றால் ஒரே பிரதியைப் பெற்ற அக்காவுக்கும் தம்பிக்கும் மாமிக்கும் ஏன் வெவ்வேறு அளவில் வருகிறது? ஏன் உடம்பு முழுக்க வராமல் அங்கங்கே புள்ளியாக வருகிறது? 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தந்தது. பிறக்கும்போதே ஒரு பிரதி பழுது. மற்ற நல்ல பிரதி வேலையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. வாழ்நாளில் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு கலத்தில், அந்த நல்ல பிரதியும் தற்செயலாகப் பழுதாகிறது. அந்த இடத்தில்தான் புள்ளி வருகிறது. வயது போகப் போகப் புள்ளிகள் கூடுவதும் இதனோடு பொருந்துகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூக்கால் இரத்தம் வருவது சிறுவயதில் அல்லது பதின்ம வயதில் தொடங்கும். புள்ளிகள் 30, 40 வயதில்தான் நன்றாகத் தெரியும். ஆகவே பிள்ளையின் நாக்கு சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது.

இதை வாசித்துவிட்டு யாரும் வீணாகப் பயப்படவும் கூடாது. எல்லாக் குருதிக்குழாய்ப் பிழையும் பரம்பரையாக வருவதில்லை. எங்கள் சங்கத்தில் இன்னொரு தாய் இருக்கிறார். 2009இல் வயிற்றில் பிள்ளையோடு பங்கருக்குள் கிடந்தவர். பிறந்த மகளுக்கு ஒரு பக்கக் கன்னத்தில் கருஞ்சிவப்பு மறு. ஷெல்லுக்குப் பயந்து முகத்தில் கையை வைத்ததால் வந்தது என்று சொந்தக்காரர் சொன்னதை அவர் இன்றும் நம்புகிறார். அந்த மறுவும் குருதிக்குழாய்ப் பிழைதான். ஆனால் அது கரு உருவான பிறகு, பிள்ளையின் ஒரு கலத்தில் தற்செயலாக ஏற்படும் விகாரத்தால் வருவது. 2013இல் அந்தப் பரம்பரையலகையும் கண்டுபிடித்துவிட்டார்கள். தாயும் கொடுக்கவில்லை, தகப்பனும் கொடுக்கவில்லை. பயமும் கொடுக்கவில்லை, கிரகணமும் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை நாளை தன் பிள்ளைக்குக் கொடுக்கப்போவதும் இல்லை. இப்படியான மறு நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் மட்டும் கண்ணையும், வலிப்பு வருகிறதா என்பதையும் வைத்தியரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.

"டி.என்.ஏ. எண்டால் ஆரைக் கண்டவை?"

மாமி தன் பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினார். எண்டோகிளின் பரம்பரையலகில் எந்த எழுத்துப் பிசகியிருக்கிறது என்பது அதில் இருந்தது. இது எவ்வளவு பெறுமதியானது என்பதை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். இந்நோய்க்கு நூற்றுக்கணக்கான வெவ்வேறு விகாரங்கள் உண்டு. குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. எதைத் தேடுவது என்று தெரியாமல் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. குடும்பத்தின் விகாரம் தெரிந்தால் அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும். இல்லை என்று வந்தால் உண்மையாகவே இல்லை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது, எங்கே எப்படிச் செய்யலாம் என்று அங்கே கேட்போம் என்றார் வைத்தியர். பிள்ளைகள் இருவருக்கும் "டி.என்.ஏ. பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவேணும்" என்று அவர் சொன்னதுதான் தாமதம், அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"ஆரைக் கண்டவை?" என்று கேட்டார்.

வைத்தியருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. 2018இல் மன்னார், 2023இல் கொக்குத்தொடுவாய், 2025இல் செம்மணி என்று புதைகுழிகள் தோண்டப்பட்ட ஒவ்வொரு முறையும், காணாமற்போனவர்களின் குடும்பங்களில் டி.என்.ஏ. என்ற சொல் எலும்புகளோடு சேர்ந்தே வந்தது. தம்பியின் எலும்பு கிடைத்துவிட்டது, அதனால்தான் இரத்தம் கேட்கிறார்கள் என்று அக்கா நினைத்துவிட்டார். இது அதுவல்ல, ஒரேயொரு பரம்பரையலகை மட்டும் பார்ப்பது, யாருடைய உடலோடும் ஒப்பிடுவதற்கல்ல என்று விளங்கப்படுத்தி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. வைத்தியசாலைகளில் இந்தச் சொல்லைப் பாவிப்பவர்கள் எங்கள் பெண்களிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் கவனமாக இருந்தால் நல்லது.

முடிவுகள் வந்தன. மகனுக்கு இல்லை. மகளுக்கு இருக்கிறது. மகளுக்கு 27 வயது, கலியாணமாகி ஒரு வருடம், பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறார். "நான்தானே குடுத்தது" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். மகள்தான் சொன்னார், "அம்மா, நீங்கள் மூக்கையும்தானே குடுத்தனீங்கள். அதுக்கு ஆரும் உங்களைப் பேசினவையோ?"

கர்ப்பம் தரிக்க முன்னமே தெரிந்தது அவருக்கு நல்லதாயிற்று. எச்.எச்.ரி. உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானோர் சுகமாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் சுவாசப்பை இணைப்பு கர்ப்ப காலத்தில் பெரிதாகிக் கசியலாம். நூறு கர்ப்பத்தில் ஏறத்தாழ ஒன்றில் உயிராபத்தும் நேரலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தவர்களுக்கு ஆபத்துக் குறைவு. முதலில், குலுக்கிய சேலைன் நீரைக் கையில் ஏற்றி, அதன் குமிழ்கள் இருதயத்தின் இடப்பக்கம் போகின்றனவா என்று ஸ்கானில் பார்த்தார்கள். பின் சீ.ரி. ஸ்கான் எடுத்தார்கள். ஒரு இணைப்பு இருந்தது. கொழும்பில், தொடை நாளத்தால் மெல்லிய குழாயை விட்டு, சின்னச் சுருள் கம்பியால் அதை அடைத்தார்கள். சத்திரசிகிச்சை இல்லை. மாமியாரிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. கணவன் தானே சொல்கிறேன் என்றார், சொல்லியும்விட்டார். மாமியார் இரண்டு கிழமை கதைக்கவில்லை. பிறகு பேரீச்சம்பழம் வாங்கி வந்தாராம்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூக்கால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்க வேண்டாம். இரத்தம் தொண்டைக்குள் போகும். இருந்துகொண்டு, கொஞ்சம் முன்னுக்குக் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பொத்திப் பிடியுங்கள், வாயால் மூச்சு விடுங்கள். காய்ந்த துணியை அடைத்துப் பிறகு இழுத்தால் மறுபடி உடைக்கும். மூக்கு காயாமல் இருக்க உப்புநீர்த் துளியும் களிம்பும் உதவும். நோ குளிசைகளில் அஸ்பிரின் போன்றவற்றை வைத்தியரைக் கேட்காமல் போட வேண்டாம். சுவாசப்பை இணைப்பு உள்ளவர்கள் பல் பிடுங்கப் போனால் முதலில் வைத்தியரிடம் அதைச் சொல்லி அன்டிபயோட்டிக் எடுக்க வேண்டும். சேலைன் ஏற்றும்போது காற்றுக் குமிழ் போகாமல் பார்க்கும்படி தாதியிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணி ஒருவர் இருமும்போது இரத்தம் வந்தாலோ திடீரென மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அக்கா இப்போது இரும்புச்சத்துக் குளிசையும், இரத்தக் கசிவைக் குறைக்கும் குளிசையும் எடுக்கிறார். பொமலிடோமைட் என்ற மருந்து மூக்கு இரத்தத்தைக் குறைப்பதாக 2024இல் ஆய்வு முடிவு வெளியானது. அது கருவிலுள்ள பிள்ளையைப் பழுதாக்கக்கூடிய மருந்து வகை. ஆகவே யாராவது கேள்விப்பட்டு வெளிநாட்டிலிருந்து அனுப்பினாலும் தாங்களாகத் தொடக் கூடாது.

கேள்விக்குறிக்குக் கீழே ஒரு கோடு

வரைபடத்தைப் பார்த்த வைத்தியர் கடைசியாக விரலை வைத்தது தம்பியின் சதுரத்தில். அதிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கி ஒரு வட்டத்தில் முடிந்தது. தம்பியின் மகள். 2009இல் கைக்குழந்தை, இப்போது 17 வயது. தாயோடு மன்னார்ப் பக்கம் இருக்கிறார். "இந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்று வைத்தியர் கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை.

அக்காவும் அந்த மச்சாளும் பல வருடங்களாகக் கதைப்பதில்லை. மச்சாள் கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டார். பிள்ளையைப் படிப்பிக்க உதவித்தொகை வேண்டியிருந்தது, காணியை எழுத வேண்டியிருந்தது. இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் காணப்படாமைச் சான்றிதழுக்கு 2016இல்தான் சட்டம் வந்தது. அது வரும் வரை அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. "உயிரோட இருக்கிறவனைச் சாகடிச்சவள்" என்று அக்கா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லை. இருவரிலும் நான் பிழை காணவில்லை. ஒரு பெண்ணைக் காத்திரு என்றும் மற்றவளைப் பிழைத்துக்கொள் என்றும் தள்ளிவிட்டது வேறு யாரோ.

மூன்று மாதம் அக்கா இழுத்தடித்தார். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பிள்ளையின் வயதை மட்டும் கேட்பேன். ஒரு நாள் அவரே, "சனிக்கிழமை பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

வரைபடத்தையும் மாமியின் அறிக்கையையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு போனோம். அதே பைக்குள்தான் தம்பியின் படமும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் இருந்தன. மச்சாள் படலையடியில் எங்களைக் கண்டதும் பேசாமல் நின்றார். அக்கா உள்ளே போகவில்லை, இருக்கவும் இல்லை. நின்றபடியே, ஒரே மூச்சில், தகப்பனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். "தம்பிக்கும் இருந்தது. அதாலதான் வந்தனான்."

மச்சாள் வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "பெடிச்சிக்கு எட்டு வயசில இருந்து மூக்கால இரத்தம் வாறது, மச்சாள்" என்றார். "வெயிலெண்டு நினைச்சு இளநீர் குடுத்துக்கொண்டிருக்கிறன்."

வரைபடத்தைத் திண்ணையில் விரித்தோம். அந்தப் பிள்ளை தன் வட்டத்தையும், மேலே போகும் கோட்டையும், தகப்பனின் சதுரத்தையும் பார்த்தாள். சாய்கோடு இல்லாததை அவள் கவனித்தாளா தெரியாது. மச்சாள் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட உள்ளே போனார். அடுத்த மாதம் 12ஆம் திகதி அவளுக்குக் கிளினிக். அக்காவும் கூடப் போகிறார்.